பளபளப்புப் பட்டாளம்

சார்ஜன்ட்டைத் தூக்குவதில் மச்சானை மிஞ்ச ஆள் கிடையாது. லாரியில் மூட்டை ஏற்றி ஏற்றி உரமேறிய தோள் அது. வாரக் கடைசியில், போரில் கால்கள் செயலிழந்த சார்ஜன்ட்டை ஏற்றிக்கொண்டு, சிகிச்சை மையத்து வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே வருவார். "மூட்டை ரெடியா?" என்பார். அடுத்த நொடி சார்ஜன்ட் அவர் முதுகில் இருப்பார்.

குறுகலான மாடிப்படி, நடுவில் ஒரு திருப்பம், மேலே ஒற்றை அறை. சார்ஜன்ட்டின் மனைவி தன் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த அறை அது. ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் மச்சானிடம் ஒரு விமர்சனம் இருக்கும். போன வாரத்தைவிடக் கனம் கூடிவிட்டது என்பார். மையத்தில் உங்களுக்குச் சோறு போடுகிறார்களா, சிமெண்ட்டைக் குழைத்துக் கொடுக்கிறார்களா என்று கேட்பார். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம் சௌக்கியம் விசாரிப்பார், முதுகில் ஆள் இருக்கிற நினைப்பே இல்லாமல்.

அத்தனையும் பாசம்தான். சிக்கலே அதில்தான். வேண்டாதவன் தூக்கினால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். ஆசையாசையாகத் தூக்குகிறவரை என்ன செய்வது? சார்ஜன்ட் முதுகில் தொங்கியபடி, எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு, சிரித்துவைப்பார். பல்வலிக்காரர் போட்டோவுக்கு நின்ற மாதிரி இருக்கும் அந்தச் சிரிப்பு என்பாள் அவர் மனைவி.

இந்தக் கதையையெல்லாம் அவள் சொன்னது பம்பரத்திடம். பம்பரம் என்பது சிகிச்சை மையத்து ஆட்கள் வைத்த பெயர். மையத்து வளாகத்தின் ஓரத்தில், காயம்பட்ட சிப்பாய்கள் குடும்பத்தோடு வாழ்வதற்காக வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றைக் கட்டுகிற எஞ்சினியர் அவள். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்த ஒரே ஒரு வாரமும் சக்கர நாற்காலியில்தான். கதவு எவ்வளவு அகலம் வேண்டும், சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், அடுப்பு மேடைக்கடியில் முழங்கால் நுழையுமா என்று தெரிந்துகொள்வதற்காக, ஒரு நாற்காலியை இரவல் வாங்கி அதிலேயே வாழ்ந்து பார்த்தாள். டீக்கடை வாசலில் மாட்டிக்கொண்டாள். சொந்த வீட்டுக் குளியலறைக்குள் போய்த் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வெளியே வந்தாள். அவள் அம்மா ஊரெல்லாம் கூட்டி, பெண்ணுக்குக் காலில் ஒன்றுமில்லை, மண்டையில்தான் என்று விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று.

அந்த ஒரு வாரத்தில் விளைந்ததுதான் முதல் வீடு. அது சார்ஜன்ட்டுக்கு. வீட்டில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது வாசல் சரிவு. தெருவிலிருந்து கதவு வரைக்கும் நிதானமான ஏற்றம். கான்கிரீட் ஈரமாக இருந்தபோதே முரட்டுத் துடைப்பத்தால் குறுக்கும் மறுக்குமாகக் கீறி, சக்கரம் நன்றாகப் பிடிக்கும்படி சொரசொரவென்று விட்டிருந்தாள். ஒத்திகையின்போது சார்ஜன்ட் அதில் ஏறி இறங்கி, இதில் பூனைகூட வழுக்காது என்று சான்றிதழே கொடுத்திருந்தார்.

இனி பாக்கி தனியாள் சோதனை மட்டும். மையத்தின் மேஜர் டாக்டர் வந்து பார்ப்பார். சார்ஜன்ட் வாசலில் தொடங்கி, சரிவில் ஏறி, கதவைத் திறந்து, குளியலறை, சமையலறை, கட்டில் எல்லாம் போய் வந்து, மறுபடி வாசலுக்கு இறங்க வேண்டும். டாக்டர் வாயைத் திறந்து "முடிஞ்சது" என்று சொல்லும்வரை எவர் கையும் அவர் மேல் படக்கூடாது, நாற்காலி மேலும் படக்கூடாது. பட்டால் சோதனை செல்லாது. சார்ஜன்ட் மையத்துக்கே திரும்ப வேண்டியதுதான். டாக்டர் அடுத்தபடி இந்தப் பக்கம் வருவது மழைக்காலம் முடிந்த பிறகு. அதுவரை பழைய மாடிப்படி, பழைய மச்சான், பழைய மூட்டை.

சோதனைக்கு முதல் நாள் பம்பரம் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு.

*

காலையில் தெருமுனையில் திரும்பியதும் கண் கூசியது. யாரோ நிலைக்கண்ணாடியை வெளியே போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். கிட்டே போனால், அவளுடைய சரிவு.

சரிவின் மேல்முனையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ரேடியோ விறைப்பாக நின்றான். அவனுக்கு ஒரு கை போய்விட்டது, வாய் மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து வேலை செய்யும். அதனால்தான் அந்தப் பெயர். அவனுக்குப் பின்னால் மையத்து வார்டிலிருந்து இரண்டு பேர், ஒருவர் ஊன்றுகோலோடு, ஒருவர் புதுச் செயற்கைக் காலோடு. மூன்று பேர் முகத்திலும் பெருமை வழிந்தது.

"எப்படி பம்பரம்? மூஞ்சி தெரியுதா?" என்றான் ரேடியோ.

தெரிந்தது. தன் முகம் சரிவில் தெரிந்தது. அதில் ஈயாடவில்லை என்பதும் தெரிந்தது.

அவன் சொன்ன வரலாறு இது. மேஜர் டாக்டர் என்னதான் டாக்டர் என்றாலும் ஆபீசர். ஆபீசர் ஒரு இடத்தைப் பார்வையிட வருகிறார் என்றால் அந்த இடம் பளபளக்க வேண்டும். பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவர்கள் தேய்க்காத பொருள் கிடையாது. பூட்ஸ், பக்கிள், பாத்திரம், மரத்தின் அடித்தண்டு வரைக்கும் தேய்த்த கை. சார்ஜன்ட்டின் வீடு மட்டும் மங்கலாக நிற்பதா? அதனால் நேற்று மாலை அவள் கிளம்பியதும், வார்டு முழுக்கத் தரைக்குப் போடுகிற பாலிஷ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். பாலிஷ் தீர்ந்ததும் மெழுகுவர்த்திகளை உருக்கி ஊற்றினார்கள். பழைய கம்பளியை மடித்து, மண்டிபோட்டு, பூச்சுக்கு மேல் பூச்சாகத் தேய்த்தார்கள். அதற்கு முன்பே, நாற்காலியில் இருந்தபடியே எட்டுகிற கம்பிகளையெல்லாம் சார்ஜன்ட் மெருகேற்றிவிட்டுப் போயிருந்தார். குளியலறைக் கம்பியில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம் என்றான் ரேடியோ.

"நான் கோடு போட்டிருந்தேனே. அந்தக் கோடெல்லாம் எங்க?"

"அதை ஏன் கேக்குற. ஒரே மேடு பள்ளம். எவனோ சரியா பூசாம விட்டுட்டுப் போயிட்டான். நாங்கதான் அடைச்சி சமம் பண்ணோம்."

பம்பரம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மையத்திலிருந்து சார்ஜன்ட் வந்து சேர்ந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சீருடை, மினுமினுக்கும் பூட்ஸ். நடக்காத காலுக்குத் தினமும் பூட்ஸ் தேய்க்கிறவர் அவர். சரிவைப் பார்த்ததும் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு பம்பரத்தின் முகத்தைப் பார்த்தார். மறுபடி சரிவைப் பார்த்தார். தேய்த்தவர்களின் தலையில் நேற்று மாலையே உதித்திருக்கவேண்டிய ஒன்று அப்போதுதான் அவர் தலையில் மெல்ல உதிப்பதை அவள் கண்ணால் கண்டாள்.

சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி சரிவில் கொஞ்ச தூரம் ஏறியது. நின்றது. வந்த வழியே, அவசரமே இல்லாமல், கடற்கரை அலை திரும்புகிற மாதிரி திரும்பி வந்தது.

பின்னுக்குப் போய் வேகமெடுத்து இன்னொரு தடவை வந்தார். இந்த முறை பாதி வரைக்கும் போனார். அங்கே சக்கரம் சுற்றியது, நாற்காலி நகரவில்லை. பிறகு நாற்காலியும் சுற்றி, முகம் தெருவைப் பார்த்தபடி இறங்கி வந்தார். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டான். அது எத்தனை அபூர்வம் என்பது வார்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"நாமதான தேய்ச்சோம்" என்றார் சார்ஜன்ட், யாரையும் பார்க்காமல்.

 பம்பரம் உள்ளே ஓடி வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து ஊற்றினாள். மெழுகு இளகி, விட்டுப்போன மூலைகளுக்கும் பரவி, முன்னைவிட அழகாக மின்னியது. செங்கல் துண்டால் சுரண்டினாள். ஒரு கையகலம் சுரண்டுவதற்குள் நகம் போயிற்று. இந்த வேகத்தில் போனால் டாக்டர் ஓய்வுபெற்ற பிறகுதான் சோதனை நடத்த முடியும்.

அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது.

*

லாரியில் ஒரு குடித்தனமே இருந்தது. கட்டில் மெத்தை, பாத்திர மூட்டை, தலைகீழாகக் கட்டிய நாற்காலிகள், அவற்றின் மேல் ஒரு துடைப்பம் கொடி மாதிரி. மச்சான் ஓட்டுநர் பக்கம் குதித்தார். இந்தப் பக்கம் சார்ஜன்ட்டின் மனைவி இறங்கினாள். பம்பரம் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மாடி அறையைக் காலி செய்தாகிவிட்டது என்று அக்கா இறங்கும்போதே அறிவித்தாள். கூட்டிப் பெருக்கிச் சாவியை அண்ணியிடம் கொடுத்து, படி இறங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணி தையல் மெஷினை உள்ளே தூக்கி வைத்துவிட்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சரிவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது யாரோட கைவேலை?"

பட்டாளம் மொத்தமும் வானத்தைப் பார்த்தது.

"உங்களைப் போய் நாட்டைக் காக்க அனுப்பினாங்களே" என்றாள் அக்கா.

மச்சானுக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். பின்வாசல் எப்படி என்று பார்க்க வீட்டைச் சுற்றிப் போனார். பின்பக்கம் பூச்சு வேலைக்குச் சலித்த மணல் குவிந்திருந்தது, அதன் மேலேயே ஏறி இறங்கினார். பின்வாசலில் சரிவு இன்னும் போடவில்லை, படிதான். திரும்பி வந்து, பம்பரம் ஊற்றிய தண்ணீரில் காலை வைத்து, சரிவில் விறுவிறுவென்று ஏறி, பாதியில் நின்று உயரத்தைக் கண்ணால் அளந்தார். அவர் முகம் மலர்ந்தது. தனக்குத் தெரிந்த வேலை வந்துவிட்டால் மனுஷனுக்கு வருகிற மலர்ச்சி.

யோசனை ரொம்ப எளிது. டாக்டர் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளையை ஒரு தூக்கு, நாற்காலியை ஒரு தூக்கு. டாக்டர் வரும்போது அவர் உள்ளே சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருப்பார். எப்படி வந்தீர்கள் என்று யார் கேட்கப்போகிறார்கள்? கேட்டால், நேரமாகிறதென்று நானே ஏறி வந்துவிட்டேன் என்று சொன்னால் போயிற்று. இறங்குவதற்கு வழுக்கு இன்னும் வசதி.

ரேடியோ இதைவிட நல்ல திட்டம் போர்க்களத்திலேயே கேட்டதில்லை என்றான். ஊன்றுகோல்காரர் தலையாட்டினார். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பம்பரத்தின் தலையும் லேசாக ஆடியது. முதல் வீடு தோற்றால், மிச்ச வீடுகளையும் நிறுத்திவைத்து முதலிலிருந்து பார்க்கச் சொல்வார்கள் என்ற பயம் அவளுக்கு.

மச்சான் சரிவின் நடுவிலிருந்தே கையை விரித்தார். "வா மாப்ள. மூட்டை ரெடியா?"

சார்ஜன்ட் அந்தப் போட்டோச் சிரிப்பைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"வேணாம் மச்சான்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே." நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். "உள்ள இருக்கறதுக்கா மச்சான் இவ்வளவு பாடு? மாடியிலயும்தான் உள்ள இருந்தேன். நானா உள்ள போகணும். அவ்வளவுதான். முடியலன்னா மையத்துக்குப் போறேன்."

மச்சானின் விரித்த கை அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா லாரியிலிருந்த துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்க முடியாமல் பம்பரம் தரையைப் பார்த்தாள்.

பார்த்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பளபளக்கும் சரிவில் மச்சானின் செருப்புத் தடம் வரிசையாக ஏறிப்போயிருந்தது. ஒவ்வொரு தடத்திலும் மணல். வெயிலிலும் வெந்நீரிலும் இளகிய மெழுகு அந்த மணலைக் கவ்விப் பிடித்திருந்தது. ரேடியோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஊன்றுகோல்காரர் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நடுச்சரிவில் கையை விரித்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், மலை மாதிரி நிற்கிறவர் மச்சான் ஒருத்தர்தான்.

"அண்ணா, அசையாதீங்க" என்றாள்.

"ஏம்மா, பாம்பா?"

அவள் குனிந்து ஒரு தடத்தை விரலால் தேய்த்தாள். உப்புத்தாள் மாதிரி உராய்ந்தது. பிறகு அவள் சொன்னதில் பாதி யாருக்கும் புரியவில்லை. உற்சாகம் வந்தால் அவளுக்குச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மணல், மெழுகு, வெயில், சக்கரம், சீக்கிரம் என்பது மட்டும் புரிந்தது. அக்காவுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"தூக்கணும்னு கை அரிக்குதுல்ல? போய் மணலைத் தூக்கு."

*

அந்த மாதிரி மணல் தூக்கி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மச்சான் சட்டியில் அள்ளவில்லை. சிமெண்ட் சாக்கில் நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளையைத் தூக்க முடியாத ஆத்திரத்தையெல்லாம் மணலிடம் காட்டினார். பம்பரம் சக்கரங்கள் போகிற இடமாகப் பார்த்து, தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டையாகத் தூவினாள். சரிவு முழுக்கத் தூவ நேரமில்லை.

மணலை மெழுகில் அழுத்த வேண்டும். எதை வைத்து அழுத்துவது என்று அவள் சுற்றிப் பார்ப்பதற்குள் ரேடியோ பட்டாளத்தை வரிசையில் நிறுத்திவிட்டான். நின்ற இடத்தில் அணிவகுப்பு. இடது, வலது, இடது, வலது. செயற்கைக் கால்காரர் தன் புதுக் காலை வஞ்சனையில்லாமல் ஓங்கி ஓங்கி வைத்தார். சிகிச்சையில் ஒரு நாளும் இத்தனை தடவை மிதித்ததில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஊன்றுகோல்காரர் மூன்று புள்ளியில் மிதித்தார். சார்ஜன்ட் கீழே இருந்து கட்டளை கொடுத்தார். குரல் பழைய குரல், தெருமுனை வரைக்கும் போகிற குரல்.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டேதான் மேஜர் டாக்டர் வந்து சேர்ந்தார். ஒடிசலான பெண்மணி, கண்ணாடி, விறைப்பான நடை, காலில் முகம் பார்க்கிற மாதிரி மின்னும் ஷூ. வீட்டுவாசலில் அணிவகுப்பு எதற்கு என்று கேட்டார். வரவேற்பு என்றான் ரேடியோ. அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாரையும் ஒதுங்கச் சொல்லி, "தொடங்கலாம்" என்றார்.

பம்பரம் இரண்டு கையையும் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் திணித்துக்கொண்டாள். வெளியே விட்டால் அதுவாகவே போய் நாற்காலியைத் தள்ளிவிடும் என்று அவளுக்குத் தன் கையைப் பற்றி நன்றாகத் தெரியும். மச்சான் பின்னால் போய் லாரியைப் பிடித்துக்கொண்டார்.

சக்கரம் மணல் பட்டையில் ஏறியது. கறக் கறக் என்ற சத்தம். பாதி வந்தது. சார்ஜன்ட் அங்கே ஒரு கணம் நின்றார். நாற்காலி நழுவவில்லை. மறுபடி தள்ளினார். கதவு வந்தது. கதவு திறந்தது. 

பின்வாசல் படி ஏறி உள்ளே வந்த டாக்டர் ஓரமாக நின்று பார்த்தார், பம்பரம் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். குளியலறையில் நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுவதற்காகச் சார்ஜன்ட் சுவர்க் கம்பியைப் பிடித்தார். தானே மெருகேற்றிய கம்பி. மீன் மாதிரி கையிலிருந்து வழுக்கியது. இன்னொரு தடவை பிடித்தார். இன்னொரு தடவை வழுக்கியது. டாக்டரின் புருவம் உயர்ந்தது. சார்ஜன்ட் தன் கைவேலையை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். சக்கரம் தள்ளுவதற்கென்று வைத்திருந்த தோல் கையுறைகளை மடியிலிருந்து எடுத்து நிதானமாகப் போட்டுக்கொண்டார். தோல் கம்பியைக் கவ்வியது. ஒரே எம்பில் இருக்கையில் இருந்தார். டாக்டரின் புருவம் இறங்கியது.

சமையலறையில் முழங்கால் மேடைக்கடியில் நுழைந்தது. குழாய் எட்டியது. கட்டிலில் ஏறினார், இறங்கினார். பிறகு கதவைத் தாண்டி, சரிவில் கறக் கறக்கென்று இறங்கி, வாசலில் வந்து நாற்காலியை நிறுத்தி, முதுகை நிமிர்த்திக்கொண்டு டாக்டரின் வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

டாக்டர் பின்னாலேயே இறங்கினார். அவரும் பட்டாளம்தானே. காலையில் அவ்வளவு நேரம் தேய்த்த ஷூவில் மணல் படக் கூடாது என்று இரண்டு பட்டைக்கும் நடுவில், மெழுகு மின்னுகிற இடமாகப் பார்த்துக் காலை வைத்தார்.

அடுத்து நடந்ததை ரேடியோ இன்றுவரை வார்டில் நடித்துக் காட்டுகிறான். டாக்டர் விழவில்லை. நின்ற மேனிக்கு, விறைப்பு துளியும் குறையாமல், சரிவின் மேலிருந்து கீழ்வரைக்கும் சறுக்கி வந்தார். வந்த வேகத்தில், முன்னால் இருந்த ஒரே பிடிமானத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். சார்ஜன்ட்டின் நாற்காலி அது. நாற்காலி ஒரு முழம் முன்னே போய் நின்றது.



டாக்டர் கையை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். அவர் "முடிஞ்சது" என்று சொல்லியிருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

"இது கணக்குல வராது" என்றார். "தப்பு என்னோடது. சோதனை—"

"வரும் மேடம்" என்றார் சார்ஜன்ட்.

பம்பரத்துக்கு அவர் வாயைப் பொத்திவிடலாம் போலிருந்தது. கை பின்பாக்கெட்டில் இருந்ததால் தப்பித்தார்.

"கை பட்டுடுச்சு. யார் கைன்னு விதி கேக்கல. முதல்லேருந்து போறேன்."

தோள் களைத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை முடியுமா என்று பம்பரத்துக்கே நிச்சயமில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஷூ போனால் போகட்டும் என்று மணல் பட்டையில் ஏறி மேலே போய் நின்றார். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்த மனுஷனோடு குப்பை கொட்டுவதற்கு எனக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும் என்று லாரியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, கொடி மாதிரி நின்ற துடைப்பத்தை உருவி எடுத்துக்கொண்டு, விடுவிடுவென்று சரிவில் ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சார்ஜன்ட் மறுபடி ஏறினார். முதல் தடவையைவிட மெதுவாக. பாதியில் நின்றார், முக்கால்வாசியில் நின்றார். ரேடியோ உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், இடது வலது சொல்லிக்கொண்டிருந்தான். லாரியைப் பிடித்திருந்த மச்சானின் விரல்கள் வெளுத்திருந்தன. கதவுக்கு வந்ததும் சார்ஜன்ட் கைப்பிடியைத் தொட்டார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "யாரு?"

சார்ஜன்ட் டாக்டரைப் பார்த்தார். குரல் படுவதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் வேறெங்கோ பார்த்தார்.

"வீட்டுக்காரன்" என்றார்.

"சக்கரத்தைத் தொடச்சிட்டு வாங்க. இப்பதான் கூட்டினேன்."

இந்தத் தடவை குளியலறைக் கம்பி வழுக்கவில்லை, கையுறை ஏற்கெனவே கையில் இருந்தது. கட்டிலில் ஏறும்போது ஒரு தடவை தோள் நடுங்கி, எம்பியது போதாமல் திரும்ப உட்கார்ந்தார். அக்கா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இரண்டாவது எம்பில் கட்டிலில் இருந்தார். வாசலுக்கு இறங்கி வந்து நின்றபோது, டாக்டர் மேலேயே, கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்தபடி, இறங்குவதற்கு முன்பே சத்தமாகச் சொன்னார்.

"முடிஞ்சது."

*

டாக்டர் போகும்போது ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார். நாளைக்குள் இந்தச் சரிவிலிருந்து மெழுகு மொத்தமும் போக வேண்டும், கம்பிப் பிரஷ் கொண்டு இதே பட்டாளம் சுரண்ட வேண்டும். கட்டப்போகிற மிச்ச வீடுகளின் சரிவுகளையும் கீறிக் கொடுப்பது இனி இவர்கள் பொறுப்பு. பார்வையிட வரும்போது எங்கேயாவது முகம் தெரிந்தால், தெரிகிற முகம் யாருடையதோ அவருக்குத் தண்டனை. ரேடியோ அந்த நிமிடமே வேலையில் இறங்கினான். ஆபீசர் சொரசொரப்பைப் பார்க்க வருகிறார் என்றால், உலகத்திலேயே சொரசொரப்பான சரிவைக் காட்டாமல் விடுவதில்லை என்ற வெறி அவன் கண்ணில் தெரிந்தது. பிரஷ்ஷை எங்கே நிறுத்துவது என்று அவனுக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று பம்பரம் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

லாரியைப் பாதி இறக்கிய பிறகுதான் மச்சானைக் காணோம் என்று கவனித்தார்கள். லாரிக்குப் பின்னால், மெத்தை மேல் கையூன்றி, பாதி குனிந்த வாக்கில் நின்றுகொண்டிருந்தார். நிமிர முடியவில்லை. மணல் சாக்கைத் தூக்கி ஓடியதில் முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் தரையைப் பார்த்து. அந்த நிலையில் அவரால் பார்க்க முடிந்தது அது ஒன்றுதான்.

உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார்கள். தூக்கட்டுமா என்று கேட்டான் ரேடியோ. ஒற்றைக் கைக்காரன் கேட்ட கேள்விக்கு மச்சான் சொன்ன பதில் அச்சில் ஏறாது. யாரும் தொடக் கூடாது, நானே போவேன் என்று சாதித்தார். குனிந்தபடியே நகர்ந்து, மணல் பட்டையில் கால் வைத்து, சக்கர நாற்காலிக்காரருக்கென்று தாழ்வாகப் போட்ட கம்பியைப் பிடித்தார். அந்த உயரம் அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. பம்பரத்துக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இந்த நேரத்தில் சந்தோஷப்படுவது தப்பு என்று முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டாள்.

"யம்மா பம்பரம்" என்றார் மச்சான் கம்பியிடம், "அந்தக் குளியலறையில உக்காந்து குளிக்கிற பலகை ஒண்ணு வச்சிருக்கியே. இன்னைக்கு அதை நான் எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சுவிட்ச் எல்லாம் தாழ்வாகத்தான் இருக்கிறது, எட்டும் என்றும் தைரியம் சொன்னாள்.

இரண்டடி போனதும் மெருகேற்றிய கம்பி அவர் கையிலிருந்து வழுக்கியது. பின்னாலேயே, அவர் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து ஏறிக்கொண்டிருந்த சார்ஜன்ட் நாற்காலியை நிறுத்திப் பிரேக்கைப் போட்டார். தோல் உறைகளைக் கழற்றி நீட்டினார். மச்சான் வாங்கி, குனிந்தபடியே, தன் பெரிய விரல்களை ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டார்.

சார்ஜன்ட் காத்திருந்தார். எதிரே யாருடைய ஜன்னலும் இல்லை. அவர் முகத்தில் இருந்ததைப் போட்டோச் சிரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

"மூட்டை ரெடியா?" என்றார்.

"போடா" என்றார் மச்சான்.